எம்பெடட் லினக்ஸ் கற்க ராஸ்பெரி பை போதுமா, தனியாக டெவலப்மென்ட் கிட் வாங்க வேண்டுமா?

எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலரில் சில வருடங்களாக வேலை செய்கிறீர்கள், இப்போது எம்பெடட் லினக்ஸ் (கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ்) பக்கம் வர வேண்டும், கையில் ஒரு ராஸ்பெரி பை 4 இருக்கிறது. அதுவே போதுமா, இல்லை பீகிள்போன் பிளாக்கோ எஸ்டியின் டிஸ்கவரி கிட்டோ வாங்க வேண்டுமா, கற்ற பிறகு அதே போர்டை உங்கள் கம்பெனி செய்யப்போகும் மின்மீட்டர் கேட்வேயில் (மீட்டரைப் படித்துத் தரவை அனுப்பும் பெட்டி) வைத்து விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த போர்டு என்பது இதில் சின்னக் கேள்விதான். கிட் என்று காசு கொடுத்து வாங்குவதில் உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதும், கற்பதற்கு நல்ல போர்டு விற்பதற்கும் நல்லதா என்பதும்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. இரண்டுக்கும் என் பதில் வேறு வேறு, அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன், புதிதாக வருபவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். நான் ஒரு கிட்டை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றுதான். பவர் கொடுத்த நொடியிலிருந்து ஷெல் (கட்டளை தட்டும் இடம்) வரும் வரை ஓடுகிற ஒவ்வொரு துண்டையும் நானே சோர்ஸிலிருந்து பில்டு செய்து, மாற்றி, மறுபடி ஓட்ட முடிகிறதா? முடிந்தால் அது கிட். முடியாவிட்டால் அது சின்ன கம்ப்யூட்டர். சின்ன கம்ப்யூட்டரில் கற்க முடியாது என்று சொல்லவில்லை, கற்பது ஒரு எல்லையில் நின்றுவிடும்.

ராஸ்பெரி பையில் அந்த எல்லை எங்கே என்று பாருங்கள். அதில் முதலில் விழிப்பது ஆர்ம் கோர் இல்லை, வீடியோகோர் என்கிற கிராஃபிக்ஸ் பகுதி. பிராட்காமின் மூடிய ஃபர்ம்வேர் அங்கே ஓடி, டிடிஆர் மெமரியைத் தயார் செய்து, கான்ஃபிக் ஃபைலைப் படித்து, கெர்னலையும் (லினக்ஸின் மையப் பகுதி) டிவைஸ் ட்ரீயையும் (போர்டில் என்னென்ன ஹார்டுவேர் என்று கெர்னலுக்குச் சொல்லும் ஃபைல்) மெமரியில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆர்ம் கோரை எழுப்புகிறது. நீங்கள் யூ-பூட் (கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) போட்டாலும் அது இந்த ஃபர்ம்வேருக்குப் பின்னால்தான் நிற்கும். போர்டின் ஸ்கீமாட்டிக்கும் (சர்க்யூட் வரைபடம்) சுருக்கப்பட்ட வடிவில்தான் வெளியாகிறது. ஆனால் கெர்னல் கம்பைல் செய்வது, டிரைவர் எழுதுவது, டிவைஸ் ட்ரீ ஓவர்லே (அதன் மேல் சேர்க்கும் துண்டு), யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே ஓடும்) புரோகிராம், சிஸ்டம்டி சர்வீஸ் எல்லாம் அதில் தாராளமாகக் கற்கலாம். உங்களுக்கு வரப்போகும் வேலை அப்ளிகேஷன் மட்டும்தான் என்றால் வேறு எதுவும் வாங்காதீர்கள், பையே போதும். சொந்தமாக போர்டு செய்து முதல்முறை உயிர் கொடுக்கும் வேலை வரும் என்றால் போதாது.

பீகிள்போன் பிளாக் 2013 ஏப்ரலில் வந்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் குடும்பத்துச் சிப், 1 கிகாஹெர்ட்ஸில் ஒரே ஒரு கார்டெக்ஸ்-ஏ8 கோர், 512 எம்பி டிடிஆர்3, இப்போதைய ரிவிஷன் சி போர்டில் 4 ஜிபி ஈஎம்எம்சி (போர்டிலேயே இருக்கும் ஃபிளாஷ் சேமிப்பு). இன்றைய கணக்கில் மெதுவான போர்டுதான், அதை மறைக்கத் தேவையில்லை. இருந்தும் முதல் போர்டாக இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்கீமாட்டிக், பிசிபி லேஅவுட், பொருள் பட்டியல் மூன்றும் முழுசாகத் திறந்திருக்கின்றன, சிப்பின் டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் மேனுவல் ஏறத்தாழ 5000 பக்கம், யாரும் இறக்கிக்கொள்ளலாம், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியதில்லை. மெயின்லைன் (மூலத் திட்டமே வெளியிடும்) கெர்னலும் மெயின்லைன் யூ-பூட்டும் வெளியிலிருந்து பேட்ச் எதுவும் சேர்க்காமலே இதில் பூட் ஆகும்.

அதன் பூட் சங்கிலியைத்தான் முதலில் மனதில் பதிய வைக்க வேண்டும். பவர் வந்ததும் சிப்புக்குள் எரிக்கப்பட்ட ரோம் கோடு ஓடுகிறது, இதை மட்டும் யாராலும் மாற்ற முடியாது. சில பின்கள் எந்த நிலையில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, எங்கே தேடுவது என்று அது முடிவு செய்கிறது. சாதாரணமாக முதலில் ஈஎம்எம்சி, எஸ்2 பட்டனை அழுத்திக்கொண்டே பவர் கொடுத்தால் ஈஎம்எம்சியை விட்டுவிட்டு எஸ்டி கார்டு. இந்தக் கட்டத்தில் டிடிஆர் இன்னும் தயாராகவில்லை, சிப்புக்குள் இருக்கும் நூறு சொச்சம் கேபி எஸ்ராம் மட்டும்தான் இடம். முழு யூ-பூட் அதில் நுழையாது. அதனால் எம்எல்ஓ என்ற பெயரில் ஒரு சின்னத் துண்டு, எஸ்பிஎல் என்பார்கள், முதலில் வந்து டிடிஆரைத் தயார் செய்து, பிறகு முழு யூ-பூட்டை அங்கே ஏற்றுகிறது. யூ-பூட் கெர்னலையும் டிவைஸ் ட்ரீ ஃபைலையும் ஏற்றி, கன்சோல் எது, ரூட் ஃபைல் சிஸ்டம் (எல்லா ஃபைல்களும் இருக்கும் பார்ட்டிஷன்) எது என்று சொல்லிக் கெர்னலிடம் கையை மாற்றுகிறது. கெர்னல் ரூட்டை மவுண்ட் செய்து முதல் புரோகிராமான இனிட்டை ஓட்டுகிறது. மைக்ரோகன்ட்ரோலரில் ஸ்டார்ட்அப் ஃபைல், லிங்கர் ஸ்கிரிப்ட் எல்லாம் பார்த்த உங்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

இது மனதில் இருந்தால் கோளாறு பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று சொல்கிறேன். சீரியல் கன்சோலில் வெறும் 'சி' என்ற ஆங்கில எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், ரோம் கோடுக்கு எங்கேயும் எம்எல்ஓ கிடைக்கவில்லை, சீரியல் வழியாக யாராவது அனுப்புவார்களா என்று காத்திருக்கிறது என்று அர்த்தம். கார்டின் முதல் பார்ட்டிஷனைப் பாருங்கள். கெர்னல் தொடங்குகிறது என்று யூ-பூட் சொன்ன பிறகு அப்படியே மௌனம் என்றால் பெரும்பாலும் கன்சோல் பெயர் தப்பு, இல்லை டிவைஸ் ட்ரீ ஃபைல் தப்பு. கெர்னல் பேசிக்கொண்டே வந்து ரூட் மவுண்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் ஆனால், பார்ட்டிஷன் எண் தப்பாக இருக்கும், அல்லது அந்த ஃபைல் சிஸ்டத்துக்கான டிரைவர் கெர்னலுக்குள் இல்லாமல் மாட்யூலாக வெளியே இருக்கும். இந்த மூன்றையும் வேண்டுமென்றே ஒருமுறை உடைத்துப் பார்த்துவிட்டுச் சரிசெய்யுங்கள். சொந்த போர்டு கொண்டுவரும் நாளில் இதுதான் கை கொடுக்கும்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது போர்டுகூட இல்லை, 3.3 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் கேபிள். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். 3.3 வோல்ட்டா என்று இரண்டு முறை கேட்டு வாங்குங்கள், 5 வோல்ட் லெவல் கேபிள் அந்தப் பின்னைக் கெடுத்துவிடும். பீகிள்போனில் ஜே1 என்ற 6 பின் வரிசைதான் கன்சோல், வேகம் 115200. எச்டிஎம்ஐயில் மானிட்டர் மாட்டி வேலை பார்க்கும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள், யூ-பூட்டும் கெர்னலின் முதல் வரிகளும் திரையில் வராது. இன்னும் இரண்டு எச்சரிக்கை. அனலாக் பின்களுக்கு 1.8 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது, மற்ற பின்கள் எல்லாம் 3.3 வோல்ட்டாக இருப்பதால் கை பழக்கத்தில் கொடுத்துவிடுவார்கள். போர்டுக்கு பவர் வருவதற்கு முன்னால் எந்தப் பின்னுக்கும் வெளியிலிருந்து வோல்டேஜ் வரக்கூடாது. இரண்டும் சிப்பையே கொல்லும்.

எஸ்டியின் எஸ்டிஎம்32எம்பி157 டிஸ்கவரி கிட் உங்களை ஏன் இழுக்கிறது என்று புரிகிறது. இரண்டு கார்டெக்ஸ்-ஏ7 கோர், பக்கத்திலேயே 209 மெகாஹெர்ட்ஸில் ஒரு கார்டெக்ஸ்-எம்4. நீங்கள் ஏற்கெனவே எஸ்டியின் ஹால் லைப்ரரியில் எழுதிய கோடு அந்த எம்4 மேல் கொஞ்சம் மாற்றத்தோடு ஓடும், லினக்ஸ் பக்கத்திலிருந்து ரிமோட்ப்ராக் என்ற கெர்னல் வசதி வழியாக அந்த ஃபர்ம்வேரை ஏற்றி, ஷேர்டு மெமரியில் செய்தி பரிமாறலாம். எஸ்டி-லிங்க் போர்டிலேயே இருப்பதால் கன்சோலுக்குத் தனிக் கேபிளும் வேண்டாம். நல்ல கிட். ஆனால் பூட் சங்கிலியில் டிஎஃப்-ஏ (ஆர்மின் பூட் ஃபர்ம்வேர்), ஆப்-டீ (பாதுகாப்புப் பகுதியில் ஓடும் குட்டி ஓஎஸ்) என்று வேறு இரண்டு கண்ணி வருகிறது, அவை பாதுகாப்புக்காக வந்தவை, முதன்முறை கற்பவருக்கு எது எதை ஏற்றுகிறது என்று தலை சுற்றும். பீகிள்போர்டு குழுவே 2023-ல் விட்ட பீகிள்ப்ளே 64 பிட் போர்டிலும் இதே கதைதான், அங்கே முதலில் எழுவது ஒரு ஆர்5 கோர். எல்லாப் புதிய சிப்களும் அந்தத் திசையில்தான் போகின்றன, நீங்களும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். முதல் படிக்கு மட்டும் எளிய சங்கிலியை எடுங்கள் என்கிறேன்.

நிகழ்நேர வேலைக்காக எம்4 வேண்டுமே என்று நினைத்தால், பீகிள்போன் சிப்பிலும் பிஆர்யு என்று இரண்டு குட்டி கோர்கள் உண்டு. 200 மெகாஹெர்ட்ஸ், பெரும்பாலான கட்டளைகள் ஒவ்வொன்றும் சரியாக 5 நானோசெகண்ட், லினக்ஸ் என்ன செய்துகொண்டிருந்தாலும் அசையாது. ஆனால் உங்கள் கேட்வேக்கு இது எதுவும் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. மின்மீட்டரிலிருந்து ஆர்எஸ்-485 (நீண்ட வயரில் ஓடும் சீரியல் இணைப்பு) வழியாக மோட்பஸில் (மீட்டர் பேசும் நெறிமுறை) படித்து 4ஜியில் அனுப்புவது என்று சொல்லியிருக்கிறீர்கள். அதில் நேரம் கடுமையாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. மோட்பஸில் ஒரு செய்தி முடிந்ததைக் காட்டும் மௌனம் மூன்றரை எழுத்து நேரம், 9600 பாட்டில் அது ஏறத்தாழ 4 மில்லிசெகண்ட், நீங்கள் கேள்வியை அனுப்பி முடித்த அந்த இடைவெளிக்குள் டிரைவர் சிப்பின் டிரான்ஸ்மிட் பின் கீழே இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீட்டரின் பதிலில் முதல் பைட் சிதைந்துபோகும். பலர் இதை யூசர்ஸ்பேஸ் புரோகிராமிலிருந்து ஜிபிஐஓவை (பொது உள்ளீடு-வெளியீட்டுப் பின்) ஆட்டிச் செய்யப் பார்ப்பார்கள், மேஜையில் ஓடும், லோடு ஏறினால் தவறும். கெர்னலின் சீரியல் டிரைவரிலேயே ஆர்எஸ்-485 மோடு இருக்கிறது, டிவைஸ் ட்ரீயில் ஒரு வரி போட்டு இயக்கினால் டிரைவரே அந்தப் பின்னைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்றும் யோசியுங்கள்: ஒன்றிரண்டு மீட்டரை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை படிப்பதுதான் மொத்த வேலை என்றால் லினக்ஸே வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த மைக்ரோகன்ட்ரோலர் மலிவாகவும் உறுதியாகவும் செய்யும். விபிஎன், பலவகை மோடம், லோக்கல் டேட்டாபேஸ், தூரத்திலிருந்து முழு அப்டேட் என்று பட்டியல் நீண்டால்தான் லினக்ஸுக்கு நியாயம் இருக்கிறது.

கற்கும் வரிசைக்கு வருகிறேன். போர்டோடு வரும் டெபியனை ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே ஒதுக்கி வையுங்கள். யூ-பூட்டையும் கெர்னலையும் கையாலேயே கிராஸ் கம்பைல் (லேப்டாப்பில் ஆர்முக்காகக் கம்பைல்) செய்து, பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகள் எல்லாம் அடங்கிய ஒரே புரோகிராம்) மட்டும் வைத்து ஒரு குட்டி ரூட் ஃபைல் சிஸ்டம் கட்டி, எஸ்டி கார்டிலிருந்து ஷெல் வரவையுங்கள். அப்புறம் கார்டைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லாமல், கெர்னலை டிஎஃப்டிபி வழியாகவும் ரூட்டை என்எஃப்எஸ் வழியாகவும் நெட்வொர்க்கில் லேப்டாப்பிலிருந்து எடுக்க வையுங்கள், ஒரு மாற்றத்தைச் சோதிக்கும் நேரம் அப்படியே சுருங்கிவிடும். ஐ2சி சென்சார் ஒன்றை டிவைஸ் ட்ரீயில் சேர்த்து, கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் டிரைவர் அதைப் பிடிப்பதைப் பாருங்கள், பிறகு அதே சென்சாருக்கு நீங்களே சின்னதாக ஒரு டிரைவர் எழுதுங்கள். இதெல்லாம் ஆன பிறகு பில்ட்ரூட், அதற்கும் பிறகு யாக்டோ, இரண்டும் முழு லினக்ஸ் இமேஜையும் கட்டித் தரும் கருவிகள். பில்ட்ரூட்டை ஒரு சாயங்காலத்தில் புரிந்துகொள்ளலாம், ஒரே பொருள், சின்னக் குழு என்றால் தயாரிப்புக்கும் அது போதும். யாக்டோ பல பொருள், பல சிப், பல வருடப் பராமரிப்பு என்று வரும்போது தன் எடைக்குப் பலன் தரும். அதற்கு நூறு ஜிபி அளவில் காலி இடமும், முதல் பில்டுக்குச் சில மணி நேரப் பொறுமையும் வேண்டும். யாக்டோவின் லேயர்களில் (பில்டு விதிகளின் தொகுப்புகள்) கிளைப் பெயர் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், 2024-ல் வந்த ஸ்கார்த்கேப் என்றால் எல்லாமே ஸ்கார்த்கேப். புதியவர்களின் யாக்டோ பிரச்சினைகளில் பெரும்பகுதி இந்தப் பொருத்தமின்மைதான்.

இணையத்தில் கிடைக்கும் பீகிள்போன் பாடங்களைப் பார்க்கும்போது தேதியைக் கட்டாயம் பாருங்கள். போர்டு 3.8 கெர்னலோடு வந்த காலத்தில் கேப் (மேலே மாட்டும் துணை போர்டு) மேனேஜரில் ஸ்லாட் ஃபைலுக்கு எழுதி ஓவர்லே ஏற்றுவார்கள், இப்போது அந்த வேலையை யூ-பூட் செய்கிறது, பழைய கட்டளைகள் எதுவும் ஓடாது. ஜிபிஐஓவுக்கு சிஸ்எஃப்எஸ் வழியும் அப்படித்தான், 2016-ல் 4.8 கெர்னலில் கேரக்டர் டிவைஸ் வந்ததிலிருந்து அது காலாவதியானது, லிப்ஜிபிஐஓடி லைப்ரரியைக் கற்றுக்கொள்ளுங்கள். 2023-ல் 6.5 கெர்னலில் ஆர்ம் டிவைஸ் ட்ரீ ஃபைல்களைக் கம்பெனி வாரியாகத் தனி ஃபோல்டர்களுக்கு மாற்றிவிட்டார்கள், அதனால் ஃபைல் காணவில்லை என்று பதறாமல் டிஐ (டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) ஃபோல்டருக்குள் தேடுங்கள். எந்தப் புது கிட்டை வாங்கும் முன்பும் நான் செய்யும் சோதனையும் இதுவே: கெர்னல் டாட் ஆர்க் சோர்ஸில் அந்த போர்டின் டிவைஸ் ட்ரீ இருக்கிறதா என்று பார்ப்பேன். அங்கே இல்லாமல் விற்பவரின் ஜிப் ஃபைலில் மட்டும் பழைய கெர்னல் ஒன்று இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடமாட்டேன். பாதுகாப்புப் பேட்ச் வரும் நாளில் அந்தக் கெர்னலோடு தனியாக நிற்கப்போவது நீங்கள்தான்.

இனி விற்பனை. கிட்டை அப்படியே பெட்டிக்குள் வைத்து விற்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கருத்து என்று சொல்வதற்குக் காரணம், குறைந்த எண்ணிக்கையில் அப்படி விற்று நன்றாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள், பீகிள்போன் பிளாக்கிலேயே மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை தாங்கும் இண்டஸ்ட்ரியல் வகையும் உண்டு. நூறுக்குள் விற்கப்போகிறீர்கள் என்றால் அதை யோசிக்கலாம். அதற்கு மேல் போனால் இரண்டு வழி. சிப்பும் டிடிஆரும் பவர் சிப்பும் ஒன்றாக இருக்கும் மாட்யூலை வாங்கி, கனெக்டரும் ஆர்எஸ்-485ம் உள்ள கேரியர் போர்டை மட்டும் நீங்கள் செய்வது ஒன்று. மொத்தத்தையும் நீங்களே செய்வது இன்னொன்று, அதில் டிடிஆர் தடங்களை வரைவதுதான் பயமுறுத்தும் பகுதி. ஏஎம்335எக்ஸில் அதற்கு ஒரு நடுவழி இருக்கிறது: ஆக்டாவோ சிஸ்டம்ஸ் செய்யும் ஓஎஸ்டி335எக்ஸ், சிப், டிடிஆர்3, பவர் மேனேஜ்மென்ட் மூன்றையும் ஒரே உறைக்குள் வைத்தது, 2017-ல் வந்த பாக்கெட்பீகிள் அதை வைத்துச் செய்ததுதான். எந்த வழியில் போனாலும் கிட்டில் கற்ற யூ-பூட், கெர்னல், டிவைஸ் ட்ரீ எல்லாம் சில வரி மாற்றத்தோடு கூடவே வரும். கிட்டுக்குக் கொடுத்த காசு அங்கேதான் திரும்புகிறது. பையின் நிலை இதில் வேறு, பை 4-ன் பிராட்காம் சிப்பைச் சில்லறையில் வாங்கி நீங்கள் போர்டு செய்ய முடியாது, கம்ப்யூட் மாட்யூல் ஒன்றுதான் வழி.

மீட்டர் பக்கத்தில் உட்காரும் பெட்டிக்குக் கரண்ட் எப்போது வேண்டுமானாலும் போகும், இதை வடிவமைப்பின் முதல் நாளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ரூட் ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி, தரவுக்குத் தனி பார்ட்டிஷன், எழுதியது நிஜமாகவே போய்ச் சேர வேண்டும் என்றால் எஃப்சிங்க் அழைப்பு. ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னல் (மாற்றங்களின் முன்குறிப்பு) இருக்கிறதே என்று மலிவு எஸ்டி கார்டை நம்பாதீர்கள், எழுதும்போது பவர் போனால் சில கார்டுகள் சம்பந்தமில்லாத பழைய தரவையும் கெடுக்கும், எந்த ஜர்னலும் அதற்கு மருந்தில்லை. அப்டேட்டுக்கு ரூட் பார்ட்டிஷன் இரண்டு வைத்து, ராக் அல்லது எஸ்டபிள்யூஅப்டேட் போன்ற தயாரான அப்டேட் கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களே எழுத உட்காராதீர்கள். யூ-பூட்டில் பூட்கவுண்ட் (எத்தனை முறை பூட் ஆக முயன்றது என்று எண்ணும்) வசதியை ஹார்டுவேர் வாட்ச்டாக்கோடு (தொங்கிவிட்டால் ரீசெட் செய்யும் டைமர்) சேர்த்துக் கட்டினால், புது சாஃப்ட்வேர் எழவே இல்லை என்றால் தானே பழையதற்குத் திரும்பும். யூ-பூட், கெர்னல், பிஸிபாக்ஸ் மூன்றும் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருப்பவை, வாங்குபவர் கேட்டால் நீங்கள் மாற்றியது உட்பட சோர்ஸ் கொடுக்கக் கடமை உண்டு. பில்ட்ரூட்டில் லீகல்-இன்ஃபோ என்ற ஒரே கட்டளை அந்த மூட்டையைத் தயார் செய்துவிடும், ஒவ்வொரு வெளியீட்டோடும் எடுத்து வையுங்கள்.

இஎம்ஐ (மின்காந்தக் குறுக்கீடு) சோதனையும் 4ஜி மோடத்துக்கான அனுமதியும் என் துறை இல்லை, அதற்கு டெஸ்டிங் லேபில் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள், போர்டு முடிந்த பிறகு போனால் செலவு இரட்டிக்கும். உங்கள் சர்க்யூட்டைப் பார்க்காமல் பவர் கணக்கும் சொல்ல மாட்டேன், ஒன்றைத் தவிர. பீகிள்போனின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து 500 மில்லிஆம்பியர் அளவுக்குத்தான் நம்பி எடுக்கலாம், மோடம் 2ஜிக்கு இறங்கும் இடத்தில் கணநேரத்துக்கு 2 ஆம்பியர் கிட்டக் கேட்கும். சிக்னல் குறைந்த கிராமத்தில் மட்டும் பெட்டி ரீசெட் ஆகிறது என்று பிறகு வரும் புகார்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், மோடத்துக்கு முதல் மாதிரியிலேயே தனி ரெகுலேட்டர் கொடுத்துவிடுங்கள்.

போர்டு வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பில்ட்ரூட்டில் கியூஎம்யூவுக்கான (லேப்டாப்பில் ஆர்ம் போர்டு போல நடிக்கும் எமுலேட்டர்) ஆர்ம் கான்ஃபிக் தயாராக இருக்கிறது, இன்று இரவே லேப்டாப்பில் கெர்னலும் பிஸிபாக்ஸும் பூட் ஆவதைப் பார்த்துவிடலாம். ஆர்டர் போடும்போது பீகிள்போன் பிளாக் ரிவிஷன் சி, 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், சீரியல் கேபிள், நல்ல கம்பெனி எஸ்டி கார்டு இரண்டு, ஈத்தர்நெட் கேபிள் ஒன்று, இவ்வளவு போதும். எங்காவது நின்றுபோனால், பவர் கொடுத்ததிலிருந்து வந்த சீரியல் லாக்கை ஒரு வரிகூட வெட்டாமல் இங்கே போடுங்கள், யூ-பூட், கெர்னல் வெர்ஷன்களையும் சேர்த்து.